ஞானப்பல்லின் வேரை விட்டு மேல்பாகத்தை மட்டும் எடுப்பது: என்னிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும்

2014இல் என் வலது கீழ் ஞானப்பல்லை முழுதாக எடுத்தார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் கீழுதட்டின் வலது பாதி மரத்தே இருந்தது. முகவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்றும் உணர்வு சரியாக இல்லை. 2021இல் இடது பக்கப் பல்லும் அதேபோல நரம்பை ஒட்டிப் படுத்திருப்பது தெரிந்தபோது, வேறு ஒரு டாக்டர் வேரைத் தாடைக்குள்ளேயே விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் எடுத்தார். அந்தப் பக்கம் எந்தக் குறையும் இல்லை.

நான் பள்ளி ஆசிரியை, டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு விதமும் ஒரே வாயில் நடந்திருப்பதால், கூட வேலை பார்ப்பவர்கள், சொந்தக்காரர்கள், முன்னாள் மாணவர்கள் என்று யாருக்கு ஞானப்பல் வலித்தாலும் என்னிடம் பேசுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்திலிருந்தும், எனக்குச் சிகிச்சை செய்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்தும், தேடிப் படித்ததிலிருந்தும் எழுதியவை. உங்கள் பல்லுக்கு எது சரி என்பதை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

அக்கா, பாதிப் பல்லை உள்ளேயே விட்டுட்டுத் தையல் போட்டுடுவாங்களாமே, அது என்ன வைத்தியம்?

அதன் பெயர் கரோனெக்டமி. பல்லின் மேல்பாகத்தை டாக்டர்கள் கிரவுன் என்பார்கள். அந்தப் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரைத் தாடை எலும்புக்குள் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன்மேல் ஈறை இழுத்துத் தைத்துவிடுவார்கள். காலப்போக்கில் அந்த வேரின்மேல் எலும்பு வளர்ந்து மூடிக்கொள்ளும்.

வேலையைப் பாதியில் நிறுத்துவது என்று இதை நினைக்க வேண்டாம். தொல்லை தருவது பெரும்பாலும் பல்லின் மேல்பாகம்தான். ஈறைக் குத்துவதும், சோறு சிக்கிச் சீழ் பிடிப்பதும், பக்கத்துப் பல்லை அரிப்பதும் அதுதான். நரம்பை ஒட்டி இருப்பது வேர். தொல்லை தரும் பாகத்தை எடுத்துவிட்டு, தொட்டால் ஆபத்தாகும் பாகத்தைத் தொடாமல் விடுகிறார்கள். பெயரைக் கேட்டுக் கொரோனாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என் மாமியார்கூடக் கேட்டார். 'கொரோனா' என்றால் லத்தீனில் கிரீடம். வைரஸுக்கு அதன் வடிவத்தால் அந்தப் பெயர், இதற்குப் பல்லின் மகுடத்தால். வேறு சம்பந்தம் எதுவும் இல்லை.

பல்லை எடுத்தா உதடு ஏன் மரத்துப்போகுது?

கீழ்த்தாடை எலும்புக்குள் குழாய் மாதிரி ஒரு பாதை இருக்கிறது. அதற்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கடைவாய்ப் பக்கம் உள்ளே நுழைந்து, கீழ்ப்பற்களுக்குக் கிளைகளைக் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்து, முன்கடைவாய்ப்பற்களுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே வருகிறது. அந்தப் பக்கத்துக் கீழுதடு, முகவாய், முன்பக்க ஈறு ஆகியவற்றின் உணர்வெல்லாம் இந்த நரம்பின் பொறுப்பு.

ஞானப்பல்லின் வேர் சிலருக்கு இந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். சிலருக்கு அதன் சுவரையே தள்ளிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட பல்லை நெம்பி எடுக்கும்போது வேர் நரம்பை அழுத்தலாம், உரசலாம், அபூர்வமாக அறுக்கவும் செய்யலாம். எனக்கு நடந்தது அழுத்தம் என்று பின்னால் சொன்னார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது உணர்வுக்கான நரம்பு, உதட்டை அசைக்கும் நரம்பு அல்ல. அதனால் இது பாதிக்கப்பட்டால் வாய் கோணிக்கொள்ளாது. பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

மரத்துப்போனா வலிதானே தெரியாது, அதுல என்ன பெரிய கஷ்டம்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காபி குடிக்கும்போது டம்ளர் உதட்டில் பட்டதா இல்லையா என்றே தெரியாது. சூடும் தெரியாது. ஒருமுறை உதட்டைச் சுட்டுக்கொண்டு கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். சாப்பிடும்போது உதட்டையே கடித்துவிடுவேன், ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். சாதம் ஒட்டிக்கொண்டிருப்பதும் ரசம் வழிவதும் தெரியாது. வகுப்பில் மூன்றாம் பெஞ்சுக் குழந்தை எழுந்து, "மிஸ், வாய்ல ஏதோ ஒட்டியிருக்கு" என்று சொன்ன நாளிலிருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடி பார்க்காமல் நான் வகுப்புக்குப் போனதில்லை.

அது வெறும் மரப்பும் அல்ல. உணர்வு திரும்பும் மாதங்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது, சில இரவுகளில் சுரீர் என்று குத்தியது. சிலருக்கு அது தொட்டாலே எரியும் நரம்பு வலியாகத் தங்கிவிடுகிறது. சவரம் செய்வது, நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிப்பது, குழந்தையை முத்தமிடுவது எல்லாவற்றிலும் அது குறுக்கே வரும். அதனால்தான் "மரத்துப்போறதுதானே" என்று யாராவது லேசாகச் சொல்லும்போது நான் உட்கார்ந்து விளக்குகிறேன்.

அப்போ ஞானப்பல் எடுக்கிற எல்லாருக்கும் இப்படித்தான் செய்யணுமா?

இல்லவே இல்லை. பெரும்பாலானவர்களின் ஞானப்பல் நரம்பிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. அதை முழுதாக எடுப்பதுதான் எளிது, அதுதான் சரியும்கூட. மேல் ஞானப்பல்லுக்கு இந்தப் பேச்சே கிடையாது, அந்த நரம்பு அங்கே ஓடவில்லை.

வேரும் நரம்பும் நெருக்கமாக இருக்கிற கீழ் ஞானப்பல், அதையும் எடுத்தே ஆக வேண்டிய நிலைமை, வேர் ஆரோக்கியமாக இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இதை யோசிக்க வேண்டும். 'எடுத்தே ஆக வேண்டிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். தொல்லை தராத பல்லை வருமுன் காப்போம் என்று எடுக்கவே தேவையில்லை என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. பல் உள்ளே அமைதியாகப் படுத்திருந்தால், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான்.

பல்லு எடுத்தா கண் பார்வை போயிடும்னு எங்க அம்மா விடமாட்டேங்கறாங்க. நரம்பு நரம்புன்னு சொல்றப்போ அதுவும் உண்மைதானோ?

இந்தக் கேள்வி என்னிடம் வராத மாதம் இல்லை. பார்வை நரம்பு கண்ணின் பின்னாலிருந்து நேராக மூளைக்குப் போவது. பல்லுக்கு வருவது வேறு நரம்பு. அதன் ஒரு கிளை தாடைக்கும் இன்னொரு கிளை நெற்றி, கண்ணிமைப் பக்கமும் போவதால், பல்வலி வந்தால் சிலருக்குக் கண் பக்கம் வரை தெறிக்கும். அதிலிருந்துதான் இந்தப் பயம் வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பல் எடுப்பதால் பார்வை போவதில்லை என்று அம்மாவுக்குத் தைரியமாகச் சொல்லுங்கள். பயப்பட வேண்டியது உதட்டுக்கும் முகவாய்க்கும்தான், அதுவும் சில பற்களில் மட்டும்.

என் பல் நரம்புகிட்ட இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் ஓபிஜி. தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே அது. அதில் நரம்புக் குழாய் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ஞானப்பல்லின் வேர் அந்தக் கோடுகளைக் கடக்கிற இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். எந்தெந்த அறிகுறிகள் இருந்தால் ஆபத்து என்று 1990இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு ஏழு அறிகுறிகளை அலசியது. அவற்றில் மூன்று முக்கியமானவை. குழாய் கடக்கும் இடத்தில் வேர் கருத்துத் தெரிவது, வெள்ளைக் கோடு அங்கே அறுந்து போவது, குழாயே வளைந்து திசை மாறுவது. இந்த மூன்றையும் என் டாக்டர் பேனா முனையால் காட்டியபோது எனக்கே புரிந்தது. 2014இல் எடுத்த என் பழைய ஓபிஜியை வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு அதிலும் இருந்தன.

ஆனால் ஓபிஜி தட்டையான படம். ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தெரிவது நிஜமாகவே ஒட்டியிருக்கிறதா, முன்னும் பின்னுமாகத் தள்ளியிருக்கிறதா என்று அதில் தெரியாது. அறிகுறி இருந்தால் அடுத்தது சிபிசிடி ஸ்கேன். முப்பரிமாணத்தில் நரம்பு வேருக்கு எந்தப் பக்கம் போகிறது, நடுவில் எலும்பு இருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். ஓபிஜியில் பயமுறுத்திய பல், ஸ்கேனில் நரம்பிலிருந்து விலகி இருந்து, நிம்மதியாக முழுதாக எடுக்கப்பட்ட கதையும் எங்கள் பள்ளியிலேயே உண்டு.

அந்த ஸ்கேன்ல ரேடியேஷன் ஜாஸ்தியாமே?

ஓபிஜியைவிட அதிகம், தலைக்கு எடுக்கும் சாதாரண சிடி ஸ்கேனைவிடக் குறைவு. எல்லோருக்கும் எடுக்கத் தேவையில்லை. ஓபிஜியில் மேலே சொன்ன அறிகுறி இருப்பவர்களுக்குத்தான். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேரை உள்ளேயே விட்டா அது அழுகிடாதா? முள்ளை உள்ள விட்டுட்டு மேல தோலைத் தைச்ச மாதிரி இருக்கே!

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எனக்கும் இதே பயம்தான், ஆபரேஷனுக்கு முந்தைய இரவு தூங்கவில்லை.

முள் வெளியிலிருந்து வந்த பொருள். வேர் அப்படி அல்ல, உங்கள் உடம்பின் உயிருள்ள பாகம். அதற்குள் ரத்தக்குழாய் இருக்கிறது, சுற்றிலும் எலும்போடு அதைப் பிணைக்கும் திசு இருக்கிறது. மேல்பாகத்தை வெட்டிய பிறகும் வேருக்குள் ரத்த ஓட்டம் தொடர்கிறது. வெட்டிய முகத்தின்மேல் ரத்தம் உறைந்து, அது ஆறி, அதன்மேல் எலும்பு படர்கிறது. சொத்தை வந்து செத்துப்போன பல்லின் வேரை விட்டால்தான் அழுகும். அதனால்தான் அப்படிப்பட்ட பல்லுக்கு இந்தச் சிகிச்சையே செய்வதில்லை.

தொற்று வரவே வராது என்று சொல்லமாட்டேன். எந்தப் பல் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரலாம், இதிலும் சிலருக்கு வருகிறது. பெரும்பாலும் மாத்திரைக்கும் கழுவுவதற்கும் அடங்குகிறது. அடங்காவிட்டால் வேரையும் எடுக்க வேண்டிவரும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்போ விட்ட வேருக்கு ரூட் கெனால் செய்யணுமா?

வேண்டாம். ரூட் கெனால் என்றால் வேருக்குள் இருக்கும் உயிருள்ள திசுவை எடுத்துவிட்டு அடைப்பது. இங்கே வேருக்குள் இருக்கும் அந்த உயிர்தான் அதைக் காப்பாற்றுகிறது. 2010இல் துருக்கியில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் சிலருக்கு ரூட் கெனால் செய்தும் சிலருக்குச் செய்யாமலும் பார்த்தார்கள். செய்தவர்களுக்குத்தான் தொற்று அதிகமாக வந்தது.

எப்படிச் செய்வாங்க? வலிக்குமா?

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். சாதாரணமாகப் புதைந்த ஞானப்பல் எடுப்பதற்கு ஆகிற நேரம்தான். ஈறைத் திறந்து, பல்லைச் சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் ஒதுக்கி, மேல்பாகமும் வேரும் சேரும் இடத்தில் சுழலும் கருவியால் குறுக்கே அறுப்பார்கள். மேல்பாகம் துண்டாக வந்துவிடும். அப்புறம் வேரின் மேல்முகத்தை எலும்பின் விளிம்பைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே போகும்வரை தேய்த்து இறக்குவார்கள். அந்தப் பள்ளம் இருந்தால்தான் மேலே எலும்பு வளர இடம் கிடைக்கும். பல்லின் பளபளப்பான எனாமல் கொஞ்சம்கூட மிஞ்சக் கூடாது. எனாமலின்மேல் எலும்பு ஒட்டாது, பின்னால் தொல்லை வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு வலி இல்லை, அறுக்கும் சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது. 2014இல் பல்லை நெம்பியபோது தாடையே கழன்றுவிடும் போல இருந்த அந்த அழுத்தம் இந்த முறை இல்லை. வேரை அசைக்கவே கூடாது என்பதால் இதில் நெம்பும் வேலை மிகக் குறைவு.

இது இப்போ புதுசா வந்ததா? நம்பிச் செஞ்சுக்கலாமா?

புதிது இல்லை. 1984இல் பிரெஞ்சு மொழியில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. 1989இல் ஸ்வீடனிலிருந்து ஒரு தொகுப்பு வெளியானது. 2004இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த போக்ரெல் என்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் குழு தங்கள் முறையை விளக்கி எழுதிய பிறகு உலகம் முழுக்கக் கவனம் வந்தது.

நான் நம்பியது இரண்டு ஆய்வுகளைப் படித்த பிறகுதான். 2005இல் லண்டனில் தாரா ரென்டன் குழு வெளியிட்டது ஒன்று. நரம்புக்கு ஆபத்து அதிகம் என்று கருதப்பட்ட 128 பேரின் 196 பற்கள். முழுதாக எடுத்த 102 பற்களில் 19இல் நரம்பு பாதிக்கப்பட்டது. வேரை விட்டு வெற்றிகரமாக முடிந்த 58இல் ஒன்றில்கூட இல்லை. வேரை விடலாம் என்று தொடங்கி, வேர் ஆடிவிட்டதால் முழுதாக எடுக்க நேர்ந்த 36 பற்களில் 3இல் பாதிப்பு. இன்னொன்று 2009இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. அங்கே முழுதாக எடுத்த 178 பற்களில் 9இல் உணர்வுக் குறை வந்தது, வேரை விட்ட 155இல் ஒன்றில் மட்டும். இந்த எண்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இவை பொறுக்கி எடுத்த ஆபத்தான பற்கள். எல்லா ஞானப்பற்களையும் சேர்த்துப் பார்த்தால், நிரந்தரமாக உதடு மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன.

யாருக்கெல்லாம் செய்யக் கூடாது?

சொத்தை உள்வரை இறங்கிய பல், வேர் நுனியில் சீழ் உள்ள பல், ஏற்கெனவே ஆடும் பல், கட்டியோ நீர்ப்பையோ சேர்ந்திருக்கும் பல் ஆகியவற்றின் வேரை விடக் கூடாது. நரம்புக் குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் படுத்திருக்கும் பல்லுக்கும் பொருந்தாது. மேல்பாகத்தை அறுக்கிற கருவியே அங்கே நரம்பின்மேல் போய்விடும்.

தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்க இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், எலும்பு உறுதிக்காக ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் எல்லோரும் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இவர்களுக்கு முடிவு வேறு மாதிரி இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்த வேண்டாம், அதைக் கொடுத்த டாக்டரைக் கேட்டபிறகுதான்.

பாதியில வேர் ஆடிடுச்சுன்னா என்ன செய்வாங்க?

ஆடிய வேரை விட முடியாது. அதன் ரத்த ஓட்டம் அறுந்திருக்கும், விட்டால் தொற்று வரும். அதனால் அதே நேரத்தில் முழுதாக எடுத்துவிடுவார்கள். லண்டன் ஆய்வில் அந்த 36 இப்படி வந்தவைதான். ஹாங்காங்கில் தொடங்கிய 171இல் 16 மட்டும்தான் இப்படி ஆனது. செய்கிற முறையும் பல்லின் அமைப்பும் பொறுத்து இது இவ்வளவு மாறுகிறது. வேர் கூம்பு வடிவத்தில் ஒன்றாக இருந்தால் சுலபமாக ஆடிவிடும்.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது இரண்டுக்கும் சேர்த்துத்தான் போடுகிறீர்கள். வேர் ஆடினால் முழுதாக எடுப்போம், அப்போது நரம்பு ஆபத்து திரும்ப வரும் என்பதை முன்கூட்டியே சொல்லும் டாக்டர் நேர்மையானவர். என்னுடையவர் சொன்னார். கேட்க நன்றாக இல்லை, ஆனால் அதனால்தான் அவரை நம்பினேன்.

செஞ்சப்புறம் எத்தனை நாள் லீவு போடணும்? என்ன சாப்பிடலாம்?

நான் வெள்ளிக்கிழமை செய்துகொண்டு புதன்கிழமை பள்ளிக்குப் போனேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வீக்கம் அதிகமாக இருந்தது, அப்புறம் வடிந்தது. முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன். குளிர்ந்த பால், ஆறிய ரசஞ்சாதம், குழைத்த மோர்சாதம், பாலில் ஊறிய இட்லி என்று ஓட்டினேன். காரமும் முறுக்கும் ஒரு வாரம் வேண்டாம்.

முதல் 24 மணி நேரம் துப்பவோ கொப்பளிக்கவோ ஸ்ட்ராவில் உறிஞ்சவோ கூடாது. உறைந்த ரத்தம் கழன்றுவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். புகையிலை, வெற்றிலைபாக்கு, சிகரெட் எதுவும் புண் ஆறும்வரை வேண்டாம். தையல் பிரிக்க ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள்.

உள்ள விட்ட வேர் மேல நகர்ந்து வருதாமே, உண்மையா?

உண்மைதான். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் நகர்கிறது. முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம், ஒரு வருடத்துக்குப் பிறகு மிகவும் குறைந்துவிடும், இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரை பொதுவாகப் போகிறது. வயது குறைந்தவர்களுக்குச் சற்று அதிகம்.

இதில் ஒரு நல்ல விஷயம், வேர் நகர்வது நரம்பை விட்டு விலகும் திசையில். என் வேர் ஒரு வருடத்தில் நகர்ந்ததை இரண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முதல் படத்தில் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, இரண்டாவதில் நடுவே இடைவெளி தெரிந்தது. நகர்வு எலும்புக்குள்ளேயே நின்றுவிட்டால் எதுவும் செய்யத் தேவையில்லை. இதைக் கவனிக்கத்தான் முடித்த உடனே, ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். வலி இல்லை என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

அப்போ இன்னொரு ஆபரேஷன் வரலாம்தானே? முதல்லயே முழுசா எடுத்துட்டா ஒரே தடவையில முடிஞ்சிடுமே?

வரலாம். நூற்றில் சிலருக்கு வேர் ஈறைத் துளைத்து மேலே வந்தோ தொற்று வந்தோ இரண்டாவது முறை எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் முந்தைய பதிலில் சொன்னபடி, அதற்குள் வேர் நரம்பை விட்டு விலகியிருக்கும். முதல் நாள் ஆபத்தாக இருந்த அதே வேர் அப்போது எளிதாக வரும்.

இதை நான் இப்படித்தான் எடைபோட்டேன். ஒரு பக்கம், சிறிய வாய்ப்பில் இன்னொரு சிறிய ஆபரேஷன், நான்கு நாள் மோர்சாதம். இன்னொரு பக்கம், திரும்ப வராமலே போகக்கூடிய உணர்வு. ஏற்கெனவே ஒரு பக்கம் இழந்திருந்ததால் எனக்கு முடிவு எளிதாக இருந்தது. அடிக்கடி வெளிநாடு போகிறவர், எக்ஸ்ரேக்குத் திரும்ப வர முடியாதவர், இரண்டாவது முறை என்றாலே ஒத்துக்கொள்ளாதவர் வேறு முடிவு எடுக்கலாம். அதிலும் தப்பு இல்லை, தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால்.

நாக்கு மரத்துப்போறதும் இதுல தப்பிச்சிடுமா?

அது வேறு நரம்பு. நாக்குக்குப் போகும் நரம்பு தாடையின் உள்பக்கமாக, ஈறுக்கு அடியிலேயே ஓடுகிறது. வேரை விடுவது அதைக் காப்பாற்றாது. எப்படி அறுக்கிறார்கள், உள்பக்க ஈறை எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. மேல்பாகத்தை முழுக்க அறுக்கும்போது கருவி உள்பக்கம் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதால், சிலர் முக்கால்வாசி அறுத்துவிட்டு மீதியை நெம்பி உடைப்பார்கள், ஆனால் அப்போது வேர் ஆடிவிடும் ஆபத்து உண்டு. நாக்கு பாதிக்கப்பட்டால் ருசியும் குறையலாம். இதையும் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏற்கெனவே முழுசா எடுத்து உதடு மரத்திருக்கு. இனிமே என்ன செய்யறது?

ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் மரத்திருந்தால், "சரியாயிடும்" என்று காத்திருக்காமல் அன்றைக்கே எடுத்தவரிடம் சொல்லுங்கள். வேர்த் துண்டோ எலும்புச் சில்லோ நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதைச் சீக்கிரம் செய்தால்தான் பலன். எந்த இடம் மரத்திருக்கிறது என்று கண்ணாடி முன்னால் பஞ்சால் தொட்டுப் பார்த்துப் பேனாவால் கோடு போட்டு, மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள். பரப்பு சுருங்குகிறதா என்று அதில் தெரியும்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்புகிறது. பி12 மாத்திரை கொடுப்பார்கள், எனக்கும் கொடுத்தார்கள். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் நசுங்கிய நரம்பை அது ஒட்டவைக்கும் என்று நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம். எரிச்சலோ சுரீர் வலியோ இருந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு. மாதங்கள் போயும் மாற்றமே இல்லை என்றால் நரம்பு பழுதுபார்ப்பதில் அனுபவம் உள்ள வாய், முக அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும்.

எங்க டாக்டர் இதெல்லாம் வேண்டாம், முழுசா எடுத்துடலாம்னு சொல்றார். என்ன பண்றது?

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். உங்கள் பல் இதற்குப் பொருந்தாத வகையாக இருக்கலாம். காரணம் கேளுங்கள். "சார், என் படத்தில் நரம்பு எங்கே போகிறது, வேருக்கு எவ்வளவு தூரம், உதடு மரத்துப்போக எனக்கு எவ்வளவு வாய்ப்பு?" என்று படத்தைக் காட்டியே கேளுங்கள். 2014இல் எனக்குப் பல் எடுத்தவர் கை தேர்ந்தவர்தான், ஓபிஜியும் எடுத்தார். நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. என் வருத்தமெல்லாம் அந்த ஒன்றில்தான்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் படத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய், முக அறுவை சிகிச்சைக்குத் தனித்துறை உண்டு. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் எல்லோரும் போய்க் காட்டலாம்.

மிஸ், உங்களுக்கு நடந்ததால எங்களையும் பயமுறுத்தறீங்களோ?

என் பழைய மாணவன் ஒருவன் கேட்டது. நல்ல கேள்வி. அவன் ஓபிஜியை வாங்கிப் பார்த்தோம். வேருக்கும் நரம்புக்கும் நடுவே நன்றாக இடம் இருந்தது, அவனுடைய டாக்டரும் அதையே சொன்னார். முழுதாக எடுத்துக்கொள் என்றுதான் சொன்னேன். எடுத்துக்கொண்டான், ஐந்தாம் நாள் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான். பயந்துகொண்டு சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பது இன்னும் மோசம். அந்தத் தொற்று கழுத்துக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

பின்னாடி வேற ஊர்ல எக்ஸ்ரே எடுத்தா, 'உடைஞ்ச வேர் உள்ள இருக்கு, எடுக்கணும்'னு சொல்றாங்களே?

எனக்கே நடந்தது. 2023இல் வேறொரு பல்லுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனபோது, "யாரோ பல்லை உடைத்துவிட்டு விட்டுட்டாங்க" என்றார் அங்கிருந்தவர். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும், அவர்மேல் குற்றம் இல்லை. வேண்டுமென்றே விட்ட வேர் என்று சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டையும் முதல் வருட எக்ஸ்ரேக்களையும் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

அதனால் கிளம்பும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள். என்ன செய்தோம் என்று எழுதிய சீட்டு, முடித்த உடனே எடுத்த எக்ஸ்ரே, அடுத்து எப்போது வர வேண்டும் என்ற தேதி. எக்ஸ்ரேயை போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். என்னுடையது என் தம்பியிடமும் இருக்கிறது.